கன்றுக்குட்டி தின்ற முந்தானை

ஐப்பசி மழையை அழகு என்று யாராவது எழுதியிருந்தால் நான் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவேன். எழுதியவரிடம் ஒழுகாத கூரையும் காய்ந்த துவாயும் குசினி நிறைய விறகும் இருந்திருக்க வேண்டும். இவை மூன்றும் இருந்தால் நானும் மழையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுவேன். கிளிநொச்சியில் நான் கழித்த ஐப்பசிகளில் இந்த மூன்றில் ஒன்றுகூட எங்களிடம் இருக்கவில்லை.

அந்த மாதத்தில் அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். காலையில் வெயில் வந்து உங்களை ஏமாற்றி உடுப்புத் தோய்க்க வைக்கும். கடைசி உடுப்பைக் கொடியில் போட்டதும் மழை பிடிக்கும். தெருவில் இறங்கினால் செருப்பு சேற்றை அள்ளி முதுகுவரைக்கும் எறியும். பொழுதுபட்டு ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தினால் புற்றீசல் வரும். (விளக்குக்கு வந்தால் பரவாயில்லை, சோற்றுக்கும் வரும்.) இவ்வளவுக்கும் நடுவில், வாகனம் ஓடாத கண்டி வீதியின் நட்டநடுவில் ஊர் மாடுகள் எல்லாம் படுத்திருந்து அசைபோடும். எனக்கு மழையைவிட, சேற்றைவிட, புற்றீசலைவிட அந்த மாடுகளின் மேல்தான் கோபம் அதிகம். அவை மட்டும்தான் அந்த ஊரில் நிம்மதியாக இருந்தன.

நான் யாழ்ப்பாணப் பட்டணத்துக்காரி. அப்படித்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (பட்டணத்து எல்லையில் இருந்த எங்கள் வீட்டிலும் இரண்டு ஆடுகள் நின்றன. அதைக் கிளிநொச்சியில் ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை.) தொண்ணூறுகளின் முற்பகுதியில், அங்கே கலியாணம் முடித்திருந்த என் ராணியக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது ஒத்தாசைக்கென்று வந்தவள். அதற்குப் பிறகு சண்டை இறுகி, கடல்நீரேரியைத் தாண்டித் திரும்பிப் போவது உயிரோடு விளையாடுகிற வேலையாகிவிட்டது. அதனால் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

அத்தானுக்கு ஒரு சைக்கிள் திருத்தும் கடை இருந்தது. ரியூப் இல்லை, ஒட்டுகிற பசை இல்லை, சில்லுக்குள் போடுகிற போல்ஸ் இல்லை. ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டுப் போட்டு, கடைசியில் அவர் சும்மா கடையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். அந்த வீட்டில் நான் ஒரு கூடுதல் வாய். அக்காவோ அத்தானோ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அவர்கள் சொல்லாததால், அக்கா இரண்டாவது அகப்பை சோற்றை எடுக்கும்போதெல்லாம் நான் போதும் போதும் என்று கையால் தட்டை மூடினேன். பசியோடு எழும்புகிறவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்?

அப்போதுதான் ஒரு வேலை வந்தது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று கிளிநொச்சியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அலுவலகம் திறந்திருந்தது. ஆங்கிலத்தையும் தமிழையும் மாற்றி மாற்றி எழுத ஒரு ஆள் வேண்டும். எழுத்துச் சோதனை வைத்து வடித்து, கடைசியில் இரண்டே பேரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதில் ஒருத்தி நான். அந்த வேலை கிடைத்தால் நான் என்னுடைய சோற்றை நானே தின்னலாம். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது, அதைவிடப் பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல சேலை. வெளிர் நீலம், நூல் சேலை. அதைத் தோய்க்க வேண்டும். சவர்க்காரம் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்கிறேன், ஏனென்றால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் இதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது. வவுனியா தாண்டி எங்கள் பக்கம் வரக்கூடாது என்று அரசாங்கம் தடுத்த சாமான்களில் சவர்க்காரமும் ஒன்று. மண்ணெண்ணெயைத் தடுத்தார்கள், பற்றரியைத் தடுத்தார்கள், அவற்றுக்காவது ஒரு நியாயம் சொல்லிக்கொள்ளலாம். சவர்க்காரத்தை வைத்து நாங்கள் என்ன செய்வோம் என்று பயந்தார்கள்? முகம் கழுவினால் அரசாங்கம் விழுந்துவிடுமா? கள்ளமாக வந்த சவர்க்காரத்தின் விலையைக் கேட்டுவிட்டு, அழுக்காகவே இருந்துவிடலாம் என்று திரும்பி வந்தவர்கள் அநேகம். எங்கள் வீட்டில் நகத்தளவு துண்டு ஒன்று மட்டும் இருந்தது. குழந்தையின் உடம்பெல்லாம் சிரங்கு என்பதால் அதை அக்கா ஒரு சிரட்டைக்குள் வைத்துக் குசினித் தட்டில் ஒளித்திருந்தாள். அதைக் கேட்கிற அளவுக்கு நான் வெட்கம் கெட்டவளாக இருக்கவில்லை.

"பனங்களியில தோய் வதனி," என்றாள் அக்கா. "எல்லாரும் அதிலதானே தோய்க்கினம். நல்லா நுரைக்கும்."

வீட்டின் பின்னால் அந்த வருடத்துக் கடைசிப் பனம்பழங்கள் நாலைந்து விழுந்து கிடந்தன. நான் பட்டணத்துக்காரி, பனம்பழத்தில் உடுப்புத் தோய்க்கிற சாதியில்லை என்று ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தேன். பிரசங்கம் முடிந்ததும் போய்ப் பழத்தைப் பொறுக்கி வந்தேன். வேறு வழி?

பழத்தைப் பிய்த்து, களியைப் பிசைந்து, சேலையில் தேய்த்தேன். நுரைத்தது. நுரைக்க நுரைக்க எனக்கு ஆத்திரம் ஏறியது. சவர்க்காரத்தைத் தடுத்தவனின் முதுகு என்று நினைத்துக்கொண்டு சேலையைக் கல்லில் அடித்தேன். இன்னும் ஒரு பழம், இன்னும் ஒரு பழம் என்று சேர்த்தேன். சேலை பார்க்கப் பணியாரத்துக்குக் குழைத்த மா போல் ஆகிவிட்டது.

"தண்ணி தெளியுமட்டும் அலசு," என்றாள் அக்கா குசினிக்குள்ளிருந்து. "இல்லாட்டி மணம் போகாது. மாடு வரும்."

"மாடு என்னத்துக்கு வருது? நேர்முகத்துக்கோ?"

"உனக்குச் சொல்லி வேலையில்லை. அலசடி."

கிணற்றில் இரண்டு வாளி அள்ளுவதற்குள் மழை பிடித்துவிட்டது. என் அறிவு வேலை செய்தது. வானமே தண்ணீர் ஊற்றும்போது நான் ஏன் கப்பி இழுத்துக் கை நோக வேண்டும்? சேலையை அப்படியே கொடியில் போட்டுவிட்டு, மீதியை மழை அலசட்டும் என்று உள்ளே போனேன். (இந்தப் புத்திசாலியைத்தான் எழுத்துச் சோதனையில் முதலாவதாக எடுத்தார்கள்.) அந்த மழை, தேவையில்லாதபோது மூன்று நாள் பெய்கிற மழை, அன்றைக்குப் பத்துத் துளி போட்டுவிட்டு நின்றுவிட்டது.

சேலையை அடுப்புக்கு மேல் கயிறு கட்டி உலர்த்தினேன். பிறகு சிரட்டைக் கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்தேன். கஞ்சி போட்டதுபோல் சேலை விறைப்பாக நின்றது. எனக்கு ஒரே பெருமை. களியில் இருந்த இனிப்புத்தான் சூட்டில் அப்படி விறைக்கிறது என்று அப்போது விளங்கவில்லை. உடுத்திக்கொண்டு நின்றபோது அத்தான் மூக்கை உறிஞ்சி, "ஆர் பனங்காய்ப் பணியாரம் சுட்டது?" என்று கேட்டார். நான் அவரை முறைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

அலுவலக விறாந்தையில் இரண்டு கதிரைகள் எதிரும் புதிருமாக இருந்தன. வளவைப் பார்த்த கதிரையில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளை, பெயர் றீற்றா, தகப்பன் கடற்றொழில். முதல் நாளே வந்து சின்னம்மா வீட்டில் தங்கி நிற்கிறாளாம். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, மடியில் கை, முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. என் வேலையைக் கொண்டுபோக வந்தவள் கொஞ்சமாவது நடுங்க வேண்டாமா?

நான் வளவுக்கு முதுகைக் காட்டி, விறாந்தை விளிம்போடு கிடந்த கதிரையில் இருந்தேன். விறைத்த முந்தானை பின்னால் வளவுப் பக்கம் தொங்கியது. உள்ளே கூப்பிட நேரமெடுத்தது. சும்மா இருக்க என்னால் முடியாது. அந்தப் பிள்ளை ஒரு "ஓம் அக்கா" சொன்னதுதான், நான் தொடங்கிவிட்டேன். மழையில் தொடங்கி, சேற்றுக்குப் போய், புற்றீசலைத் தொட்டு, மாட்டில் வந்து நின்றேன்.

"இந்த ஊரில மாடு வளக்கிற ஆருக்கும் மூளை இல்லைத் தங்கச்சி. விதைப்புக் காலத்தில மாட்டைக் கட்ட வேணுமோ இல்லையோ? அவிட்டு விட்டிட்டு வீட்டுக்குள்ள படுத்திருக்கினம்."

"அக்கா, உங்கட..."

"பொறுங்கோ, சொல்லி முடிக்கிறன். படலையைப் பூட்டுறதும் இல்லை. பாருங்கோ இந்த வளவை. படலை ஆவெண்டு கிடக்குது. பெரிய கந்தோராம்."

"அதில்லை அக்கா, பின்னால..."

"பின்னாலயும் அப்பிடித்தான், முன்னாலயும் அப்பிடித்தான். எங்கட பட்டணத்தில ஒரு மாடு இப்பிடி வளவுக்குள்ள வந்து நிண்டு பாக்கட்டும்."

றீற்றா கையை நீட்டி என் தோளுக்குப் பின்னால் காட்டினாள். கதைக்கும்போது குறுக்கே கை நீட்டுவது மரியாதையில்லை என்று நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என் முகத்தையும் என் தோளுக்குப் பின்னாலும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தாள். என் பேச்சில் சொக்கிப்போனாள் என்று நினைத்தேன். நடுவில் ஒருமுறை யாரோ பின்னாலிருந்து மெதுவாக இழுப்பதுபோல் இருந்தது. காற்று என்று நினைத்து முந்தானையை ஒரு வெட்டு வெட்டி இழுத்துவிட்டு மேலே கதைத்தேன்.

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பினேன். சேலை எழும்பவில்லை. பலமாக எழும்பினேன். சரக் என்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். வளவில் ஒரு நாம்பன் கன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, வாயில் என் வெளிர் நீலச் சேலை. ஒரு முழத்துக்குமேல் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. மிச்சத்தை நாக்கால் சுருட்டி இழுத்துக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடி மென்றது. எனக்கு மிஞ்சிய முந்தானை பாதி முதுகோடு நின்று, பிசின் பிடித்து, நார் நாராகத் தொங்கியது.

"அதைத்தான் அக்கா சொல்ல வந்தனான்," என்றாள் றீற்றா.

"எப்ப?"

"மாடு கட்டாத சனத்தைப் பற்றி நீங்கள் கதைக்கேக்க."

உள்ளே மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு ஐயா, அவருக்குப் பக்கத்தில் நரைத்த கொண்டையோடு ஒரு அம்மா. நான் சுவரோரமாக நண்டு நடை நடந்து, முதுகைக் காட்டாமல் கதிரையில் போய்ச் சேர்ந்தேன். கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். ஒரு பத்தியை ஆங்கிலத்தில் தந்து தமிழில் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அம்மாவின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. வேலை கைக்குள் வந்துவிட்டது போலத்தான் இருந்தது.

கடைசியாக ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இந்தச் சனங்களுக்கு இப்ப அவசரமாத் தேவையானது என்ன எண்டு நினைக்கிறீங்கள்?"

அதற்கு ஒரு பதிலை நான் நாலு நாளாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். கல்வி, சுகாதாரம், நீண்டகால அபிவிருத்தி என்று அழகான பதில். வாயைத் திறந்தேன். வெளியிலிருந்து கன்று திருப்தியாக ஒருதரம் கத்தியது.

"சவர்க்காரம்," என்றேன்.

"என்ன?"

நான் எழும்பித் திரும்பி நின்று என் முதுகைக் காட்டினேன்.

"சவர்க்காரம் ஐயா. இதைப் பாருங்கோ. இது என்ர ஒரே சீலை. பனங்களியில தோய்ச்சுக் கட்டிக்கொண்டு வந்தனான், மாடு திண்டிட்டுது. சவர்க்காரத்தில குண்டு செய்யலாமெண்டு எந்தக் கெட்டிக்காரன் கண்டுபிடிச்சவன்? என்ர அக்கான்ர பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிரங்கு. நகத்தளவு துண்டைச் சிரட்டைக்குள்ள ஒளிச்சு வைச்சு, ஒரு நாளைக்குக் கை, ஒரு நாளைக்குக் கால் எண்டு கழுவுறா. உங்கட லொறி வருகுது, போகுது. பென்சில் வருகுது, கூடாரம் வருகுது. சவர்க்காரம் ஏன் வரேல்லை? கேட்டனீங்களோ? ஆரிட்டையாவது ஒருக்காக் கேட்டனீங்களோ?"

"பிள்ளை, முதல்ல இருங்கோ."

"இருக்க மாட்டன். எல்லாரும் இருந்துதானே இந்த நிலைக்கு வந்தது."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் ஆத்திரம் வீணாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மா தன் தோளில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினா. "இதைக் குத்திக்கொண்டு போட்டு வாங்கோ பிள்ளை. அறிவிக்கிறம்," என்றா. அவவின் குரலில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்துக்கும் எனக்குக் கோபம் வந்தது.

அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் ஒருவேளை காரியம் தப்பியிருக்கும். நான் போகவில்லை. கன்று இன்னும் வளவிலேயே நின்றது. வாயில் ஒரு சாண் நீலம் தொங்கியது. அது என்னுடையது. விறாந்தையில் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டு துரத்தினேன். அது வீட்டைச் சுற்றி ஓடியது. நானும் சுற்றினேன். அந்த வீட்டு யன்னல்கள் எவ்வளவு பெரியவை, நேர்முகம் நடந்த அறை எந்தப் பக்கம் என்பதையெல்லாம் நான் கணக்கிலெடுக்கவில்லை. உள்ளே றீற்றா பதில் சொல்லிக்கொண்டிருக்க, யன்னலில் முதலில் கன்று போனதாம், பிறகு நான் போனேனாம், பிறகு திரும்பவும் கன்று போனதாம். மூன்றாவது சுற்றில் கன்றின் தாய் வந்து என்னைத் துரத்தியதாம். (இதை றீற்றா சொல்கிறாள். தாய் மாடு என்னைத் துரத்தவில்லை, நானாகத்தான் ஓடினேன்.)

ஒரு வாரம் கழித்து றீற்றா சைக்கிளில் வீடு தேடி வந்தாள். வேலை தனக்குக் கிடைத்துவிட்டது என்று படலையில் நின்றபடியே சொன்னாள்.

"உங்களிட்டயும் அந்தக் கேள்வி கேட்டவையோ?" என்றேன்.

"ஓம் அக்கா."

"என்ன சொன்னனீங்கள்?"

"சவர்க்காரம் எண்டு சொன்னனான். எனக்கு முதல் வந்த அக்கா சொன்னது வெளியில கேட்டது, அதுதான் சரி எண்டும் சொன்னனான்."

"பிறகு?"

"ஐயா கேட்டார், அப்ப அவவை விட்டிட்டு உம்மை ஏன் எடுக்க வேணுமெண்டு. நான் அதையே கதிரையில இருந்துகொண்டு சொல்லுவன் எண்டன்."

எனக்குத் தலையில் இடி விழுந்ததுபோல் இருந்தது. என் வயிற்றுக்குள் வெந்த பதிலை எடுத்து, ஆறவைத்து, தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு வேலையைக் கொண்டுபோய்விட்டாள். போகும்போது திரும்பி நின்று, "நானும் பனங்களியிலதான் தோய்ச்சனான் அக்கா. ஆனா நல்லா அலசினனான்," என்றாள். அன்றைக்கு இரவு அக்கா இரண்டாவது அகப்பை சோறு எடுத்தபோது நான் வழக்கம்போல் தட்டை மூடினேன். அக்கா என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டுச் சோற்றைப் போட்டாள். நான் அழுதுகொண்டே தின்றேன், அதற்கு உறைப்பைக் காரணம் சொன்னேன்.

மூன்று மாதம் நான் றீற்றாவோடு கதைக்கவில்லை. அக்கா வீட்டு முற்றத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்புத் தொடங்கினேன், முதல் ஆளாகத் தன் சின்னம்மாவின் மகளைக் கூட்டிவந்து விட்டவள் அவள்தான். பிறகு எப்படிக் கதைக்காமல் இருப்பது? சண்டையில் கிளிநொச்சியை விட்டு ஓடும் வரைக்கும் பின்னேரங்களில் வந்து கதைத்துக்கொண்டிருப்பாள். அந்தக் காலம் முழுக்க அவள் சொன்னபடியே இருந்துகொண்டு, மரியாதையாக, நல்ல ஆங்கிலத்தில், மேலிடங்களிடம் சவர்க்காரம் கேட்டு எழுதிக்கொண்டுதான் இருந்தாள். லொறியில் மா வந்தது, வாளி வந்தது, கொப்பி வந்தது. சவர்க்காரம் ஒரு கட்டிகூட வரவில்லை. அக்காவின் பிள்ளையின் முழங்காலில் அந்தச் சிரங்கின் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

இப்போது நான் வவுனியாவில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் யாராவது அடுத்தவரைப் பேசவிடாமல் கதைத்துக்கொண்டே போனால், மற்றவர்கள் "கண்டு" என்று ஒரு சொல் சொல்வார்கள். (கன்றை நாங்கள் அப்படித்தான் சொல்வது.) வாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார் என்று அர்த்தம். பெரும்பாலும் அந்தச் சொல் எனக்குத்தான் கிடைக்கிறது. என் மனுசன் கலியாணம் முடித்த கிழமையே பழகிக்கொண்டார், மகள் பேசப் பழகும்போதே பழகிவிட்டாள்.

போன ஐப்பசியில் றீற்றா முல்லைத்தீவிலிருந்து வந்து நின்றாள். மழை, கரண்ட் இல்லை, பழைய கதை தொடங்கியது. எல்லாம் கேட்டு முடித்த மகள், "அப்ப ஆர் செய்தது சரி அன்ரி? அம்மா கத்தினதோ, நீங்கள் இருந்துகொண்டு கேட்டதோ?" என்று கேட்டாள்.

"ரெண்டுக்கும் சவர்க்காரம் வரேல்லைத்தானே பிள்ளை," என்றாள் றீற்றா. "ஆனா நான் எழுதினதில ஒரு வரிகூட எனக்கு இப்ப ஞாபகமில்லை. உங்கட அம்மா கத்தினது ஒரு சொல்லு விடாமல் ஞாபகமிருக்கு."

இத்தனை வருடத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. அழுதுவிடாமலிருக்க, உடனே நான் சவர்க்காரத்தைத் தடுத்தவர்களைப் பிடித்துக்கொண்டேன். அவர்களில் ஒருவராவது வந்து மன்னிப்புக் கேட்டார்களா என்றேன், கேட்டவர்களைக் காட்டு என்றேன், குரல் உயர்ந்து கொண்டே போனது.

"அம்மா, கண்டு," என்றாள் மகள்.

நான் சட்டென்று திரும்பி என் முந்தானையைப் பிடித்துப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நான் முந்தானையைக் கையிலிருந்து விடவில்லை.